சாக்பீஸில் எழுதாமல் விட்ட ஒரு குறை

நம் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் எழுதுவது. இது கடையை நடத்துகிற என் மகள் சொல்லிச் சலித்து என் தலையில் கட்டிய வேலை. "அப்பா, பசங்களுக்கு உங்க தொழில் அனுபவம் ஏதாச்சும் எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும், இழுக்காதீங்க" என்றாள். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். வருஷத்துக்கு ஒரு பக்கம் என்று நினைத்திருப்பாள்.

உங்களில் ஒருவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, கன்னடம்தான் வாசிப்பான் என்று கேள்விப்பட்டேன். மற்ற இருவரும் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் முழுங்காமல் வாசியுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

நீங்கள் பழைய போனைத் துடைத்து, புது டப்பாவில் போட்டு, அதற்கு என் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரும் வைத்து விற்கிறீர்கள். நான் பழைய தையல் மிஷினைத் துடைத்துப் பழைய தையல் மிஷின் என்றே விற்றவன். மற்றபடி நமக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஹனூர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? பொய் வாடிக்கையாளர். ஒரு பழைய சாமான் கடையில், யாராவது ஒரு பீரோவையோ ஃபேனையோ தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், நான் தெருவிலிருந்து வேகமாக உள்ளே வந்து, "இதையா நேத்து நான் கேட்டேன்? அம்பது சேத்தே தர்றேன், கட்டுங்க" என்பேன். தொட்டவர் பதறி வாங்கிவிடுவார். இதற்காகவே இரண்டு சட்டை வைத்திருந்தேன். நல்ல நடிப்பு என்று முதலாளி மெச்சுவார். நானும் மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கடை மூடியதும், மண்டி மொஹல்லா பக்கம் ஒரு சந்தில் பழைய தையல் மிஷின் கடை வைத்திருந்த பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அவருக்குக் கோபிப் பக்கம் பூர்வீகம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். எனக்கு முப்பத்து நாலு வயது, அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரைப் பாய் என்பேன். இருவரும் நம் ஊர்த் தமிழில் சண்டை போட்டுக்கொள்ளலாம், வாடிக்கைக்காரர்களுக்குப் புரியாது. அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவரைப் பெரிய மகானாக நினைத்துவிடாதீர்கள். டீ வாங்கித் தரமாட்டார். பத்து மணிக்குள் நாலு பேரிடம் எரிந்து விழுவார். சம்பளத்தைச் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கொடுப்பார், ஆனால் கொடுக்கும்போது பல் பிடுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. விற்பனைக்கு வைத்த ஒவ்வொரு மிஷினின் மேலும், அதன் குறையைச் சாக்பீஸால் கன்னடத்தில் எழுதி வைப்பார்.

கறுப்பு மிஷின், வெள்ளை எழுத்து. 'பெல்ட் பழையது.' 'தடித்த துணியில் நூல் அறும்.' ஒன்றில் 'ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும், தைக்கும்' என்று எழுதியிருந்தார். வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எதிர்க் கடைக்காரர் தன் வாடிக்கையை வாசலுக்குக் கூட்டி வந்து, "பாருங்க, அங்க இருக்கறதெல்லாம் நோயாளி" என்று கை காட்டுவார்.

முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன். "ஏனுங்க பாய், நம்ம சரக்க நாமளே கேவலப்படுத்தினா எவன் வாங்குவான்?"

"வாங்கறவன் வாங்குவான். வாங்கினப்பறம் வந்து என் சட்டையப் புடிக்க மாட்டான்."

"அதுக்காக எழுதியே வெக்கோணுமா?"

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். அவர்களுடைய நபி ஒரு நாள் சந்தையில் நடந்து போகிறாராம். தானியக் குவியல் ஒன்று. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் அடியில் ஈரம். ஏனப்பா இது என்றால், மழையில் நனைந்துவிட்டது என்கிறான் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கிற மாதிரி மேலே வைப்பதற்கென்ன, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"மிஷினுக்குள்ள கைய உட்டா ஊசி குத்திப்போடும். அதான் நான் வெளியவே எழுதிடறேன்" என்றார் பாய்.

இதோடு விட்டாரா? நான் விற்பதற்காக "சாமி சத்தியமா நல்ல மிஷினுங்க" என்று சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "மிஷின் விக்கறதுக்கெல்லாம் சாமியக் கூப்பிடாதீங்கண்ணா. என் சாமியும் வேண்டா, உங்க சாமியும் வேண்டா." ஒரு தடவை பழைய வித்தையை நினைத்து, ஒரு டெய்லர் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தெருவுக்கு ஓடி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அதிக விலைக்குக் கேட்டேன். பாய் அந்த டெய்லரிடம் திரும்பி, "இவரு நம்ம கடை ஆளுங்க, பைத்தியம் இல்ல, பழக்கதோசம்" என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வாங்கிய மிஷின் பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதும் அவர் வைத்த சட்டம்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ரம்ஜான். ரம்ஜான் என்றால் ஊரில் உள்ள டெய்லர்கள் எல்லாரும் பேய் பிடித்தவர்கள் மாதிரி தைப்பார்கள். பழைய மிஷின் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து, கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலிலேயே தங்கப் போகிறேன் என்றார் பாய். உலக வேலையை விட்டுவிட்டு அங்கேயே தொழுது, ஓதி, படுத்து எழுவார்களாம். பெருநாள் பிறை தெரிந்தால்தான் வெளியே வருவார்கள். கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். சாக்பீஸ் டப்பாவையும் கொடுத்தார்.

எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அவர் வரும்போது கடை காலியாக இருக்க வேண்டும், வாயைப் பிளக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நாலே நாளில் ஓடுகிற மிஷின் எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று, பாய் தன் தங்கைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல மிஷின். இன்னொன்று, கழுத்தில் விரிசல் விட்டிருந்த ஒரு மிஷின் தலை, அதாவது ஸ்டாண்டு மேலே பூட்டுகிற பாகம். 'உடைத்துப் பாகத்தை எடுத்துக்கொள்ளவும்' என்று பாயே அதன் மேல் எழுதியிருந்தார்.

நான் உடைக்கவில்லை. வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போய் விரிசலில் பித்தளை ஒட்டு வைத்தேன். பட்டி பூசித் தேய்த்தேன். கறுப்பு பெயிண்ட் மூன்று தடவை. அதன் மேல் தங்க நிறத்தில் பூப் படம் ஒட்டினேன். பிள்ளைகளே, என் வாழ்க்கையில் அத்தனை அழகாக ஒரு மிஷினை நான் செய்ததில்லை. முகம் பார்க்கலாம், தலை சீவலாம். பித்தளை ஒட்டு ஒரு மாதம் தாங்கும், தடித்த துணி தைத்தால் அதுகூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பூப் படத்தைச் சரியாக அந்த விரிசல் மேலேயே ஒட்டினேன். சாக்பீஸ் டப்பாவைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பழனியம்மா வந்தாள். கொள்ளேகால் பக்கத்துப் பெண், நஞ்சன்கூட்டில் லைன் வீட்டில் குடித்தனம். கொத்து வேலை பார்த்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து ஆறு மாதமாகக் கட்டிலில். காதுத் தோட்டை விற்றுவிட்டு மிஷின் வாங்க வந்திருந்தாள். இனிமேல் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மிஷின் ஓடுவதைப் பொறுத்தது. இதை எல்லாம் அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. அது என் காதில் விழாமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்ண்ணா, இந்தக் கடைல கொறையெல்லாம் எழுதி வெச்சிருவீங்கன்னு சொன்னாங்க. அதான் அங்கிருந்து பஸ் ஏறி வந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் மிஷினைக் காட்டினேன். "பாருங்க அம்மிணி. ஒண்ணுமே எழுதல."

ஒரு பொய் வார்த்தைகூட நான் சொல்லவில்லை. கவனித்தீர்களா? சத்தியம் பண்ணவில்லை, விலை ஏற்றவில்லை. எழுதவில்லை என்றேன், எழுதவில்லைதான். அவள் பூப் படத்தை விரலால் தடவிப் பார்த்து, "லட்சணமா இருக்குதுங்க" என்றாள். அவள் தடவியது விரிசல் மேல். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி சோறு இறங்கியது. நன்றாகவே தூங்கினேன். மனசாட்சி உடனே குத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நம்மைவிடச் சோம்பேறி. ஞாயிற்றுக்கிழமை என் பெண்டாட்டி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி ஒடிந்து ஒரு துண்டு அவள் கன்னத்தில் பட்டுத் தெறித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. அவள் பாட்டுக்கு ஊசி மாற்றித் தைக்க ஆரம்பித்தாள். நான்தான் தரையில் கிடந்த துண்டைப் பொறுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விற்ற மிஷினின் கழுத்து விட்டுக்கொடுத்தால் ஊசித் தண்டு நகரும், ஊசி தகட்டில் மோதும், தெறிக்கும். பழனியம்மா கண்ணாடி போட்டவள்கூட இல்லை.

மறுநாள் திங்கள், பாய் சட்டப்படி திருப்பித் தருவதற்கான மூன்றாம் நாள். சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போனேன். தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரமாகப் பாய் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. முகம் பசியில் இன்னும் சிடுசிடுப்பாக இருந்தது. நான் வெளியே கம்பியைப் பிடித்து நின்றேன்.

"பாய், ஒரு விசயம்."

"கடை விசயமா?"

"ஆமாங்க."

"அப்ப போயிட்டு வாங்க. பள்ளிவாசல்ல யாவாரம் பேசக்கூடாது."

"மொதல்ல கேளுங்க. ஒரு மிஷின்..."

"வேண்டா. மிஷின் பேரே எடுக்காதீங்க. நான் கடைய மறக்கறதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன், நீங்க கடையத் தூக்கிட்டு வந்து ஜன்னல்ல வெக்கறீங்க. ஏற்கெனவே தொழுகைல நூல் பாபின் ஞாபகம் வருது."

நான் பேச்சை மாற்றினேன். "சரிங்க, மிஷின் இல்ல. கல்யாண விசயம். பேசலாங்களா?"

"யாருக்குக் கல்யாணம்?"

"ஒரு மாப்பிள்ளைங்க. கழுத்து எலும்புல முறிவு. பவுடர் பூசி, பூ மாலையப் போட்டு மறைச்சு, ஒரு ஏழைப் பொண்ணுக்குக் கட்டி வெச்சுட்டாங்க."

பாய் என்னை முறைத்துப் பார்த்தார். "கட்டி வெச்சது யாரு?"

"நான்தானுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "பொண்ணு எந்த ஊரு?" என்றார்.

"நஞ்சன்கூடு."

"பஸ்ஸு இருக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தினார்.

இங்கே ஒன்றை உள்ளபடி சொல்கிறேன். நான் வழி தெரியாமல் அங்கே போகவில்லை. 'பெருநாள் முடியட்டும், நான் வந்து பாத்துக்கறேன்' என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தான் போனேன். அந்த வார்த்தை கிடைத்திருந்தால் பாரம் அவருடையதாகியிருக்கும். மேலே இருக்கிறவர்களிடம் நாம் கேட்கும் யோசனைகளில் பாதி இந்த வகைதான். உங்கள் மேனேஜரிடம் கேட்கப் போகும்போது, வழி கேட்கப் போகிறீர்களா, பாரம் இறக்கப் போகிறீர்களா என்று படியிலேயே நின்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

கடையைத் திறந்தேன். ஓடுகிற மிஷின் ஒன்றுதான் இருந்தது, பாயின் தங்கைக்கு வைத்தது. அதன் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். தலை என்றேன். இரண்டு வரிசைக்கு ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். தையல் மிஷின் தலை என்று விளக்கிய பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை.

லைன் வீட்டை விசாரித்து நான் போனபோது பழனியம்மா தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்யாண வீட்டு ஜாக்கெட் துணி ஒரு குவியல். புருஷன் கட்டிலில் சாய்ந்து பட்டன் துளைக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். மிஷின் பட்டு மாதிரி ஓடியது. அதுதான் எனக்கு வந்த சோதனை.

"அம்மிணி, அந்த மிஷின குடுத்துட்டு இத வெச்சுக்கங்க" என்றேன்.

அவள் காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை. "ஏனுங்க?"

"அது சரியில்லீங்க."

"நல்லாத்தான் ஓடுது. ரெண்டு நாள்ல ஒம்பது ஜாக்கெட் தெச்சுட்டேன்." பிறகு என் சாக்கைப் பார்த்தாள். அழுக்குத் தலை, பூப் படம் தேய்ந்தது. "அதென்னுங்க, வேற யாராச்சும் கூடக் காசு தர்றேன்னாங்களா? லட்சணமானத எடுத்துட்டுப் போயி இந்தக் கெழட்டத் தலைல கட்டறீங்களா?"

கட்டிலில் இருந்தவரும், "மைசூர்க்காரங்க வேலையக் காட்டறாங்க" என்றார்.

என் ஆயுளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. சாமி சத்தியமா என்று வாய் வரை வந்தது. பாயின் கை ஞாபகம் வந்தது, முழுங்கிவிட்டேன். இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தங்கப் பூவின் நடுவில் வைத்து இழுத்தேன். பூ போனது. கறுப்பு உரிந்தது. பட்டி உதிர்ந்தது. நான் செய்ததிலேயே அழகான வேலை என் கையாலேயே சுரண்டச் சுரண்ட, கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்குப் புதிதாக ஒரு விரிசல். ஒன்பது ஜாக்கெட்டுக்கே திறக்க ஆரம்பித்திருந்தது.

அவள் அதில் விரலை வைத்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படிக்கத் தெரியாதவகிட்ட வெறும் எடத்தக் காட்டினீங்களேண்ணா" என்றாள்.

கொண்டு போன தலையை ஸ்டாண்டில் பூட்டினேன். போகப் பார்த்தபோது அவள் விடவில்லை. இதன் குறையை எழுதிவிட்டுப் போகச் சொன்னாள். பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து, 'பூ தேய்ந்தது. பின்தையல் கொஞ்சம் கடினம்' என்று எழுதினேன். அவள் அதை நம்பவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பெருநாள் முடிந்து கடைக்கு வந்த பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார் என்று எழுத ஆசைதான். "என் தங்கச்சி மிஷினயா தூக்கிக் குடுத்தீங்க?" என்று கடை அதிரக் கத்தினார். அப்புறம் நான் சுரண்டிய தலையை வாசலில் முதல் வரிசையில் வைத்து, 'உடைந்தது, ஒட்டியது, பெயிண்ட் மட்டும் நல்லது' என்று அவரே எழுதினார். இரண்டு வருஷம் தினமும் நான்தான் அதைத் துடைத்தேன். கடைசியில் ஒரு ஹோட்டல்காரர் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு என்று வாங்கிப் போனார். ஓட வேண்டாம், பழசாக இருந்தால் போதும் என்றார். எழுத்தை அழித்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பழனியம்மா கடைக்கு வந்தாள். காதில் தோடு இருந்தது. கூடவே டீச்சரம்மாவும். வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாளாம், இன்னொரு மிஷின் வேண்டும் என்றாள். அன்று கடையில் அதிசயமாக ஒரு மிஷின், வீட்டில் மூடியே வைத்திருந்தது, குறையே இல்லை. எழுத ஒன்றும் கிடைக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

அவள் வெறும் இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எழுதிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரம் தேடினேன். திருகினேன், தட்டினேன், எட்டு மடிப்புத் துணியைக் கொடுத்து ஓட்டினேன். பாழாய்ப்போன மிஷின் ஒரு குறையும் காட்டவில்லை. கடைசியில் சாக்பீஸை எடுத்து எழுதினேன். டீச்சரம்மா குனிந்து வாசித்தார்: "மிஷினில் குறை இல்லை. விற்கிறவன் ஒரு தடவை மறைத்தவன்."

பழனியம்மா யோசித்தாள். "அந்தக் கொறைக்கு எவ்வளவு தள்ளிக் குடுப்பீங்க?" என்றாள்.

உள்ளேயிருந்து பாயின் சத்தம் வந்தது. "அதுக்கு ஒரு பைசா தள்ள மாட்டேன். அது தெரிஞ்ச கொறை."

பிள்ளைகளே, நாளையிலிருந்து ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டப் போகிறாள் என் மகள். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், திரை மாற்றியதா, தண்ணீரில் விழுந்ததா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத போன் கையில் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் நானும் உட்கார்ந்து தேடுகிறேன்.